அரும்புக் கூட்டத்தில் என் பொண்ணா?

பால்பல் விழும் வயதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களைப் பிரம்புக் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். தனித்தனியே பதில் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதே வயதுப் பிள்ளைகளைப் பற்றி வேறொரு கேள்வி அதைவிட அவசரமாக வந்து நிற்கிறது. ஆறு, ஏழு, எட்டு வயது என்பது வாசிக்கப் பழகும் வயது அல்லவா? "என் பிள்ளையைக் கீழ்க் கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்களே, இது நியாயமா?" என்று மணலியிலிருந்து இரண்டு பேர், திருவாரூர்ப் பக்கமிருந்து ஒருவர், தர்மபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்கள்.

இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் ஒரு காட்டுப்பள்ளிப் பெண். 2023 ஆடி மாதம் அவள் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. மாமியார் மீன் கூடை தூக்குகிறவர். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. "அக்கா, ஸ்கூல்ல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு மூணாப் பிரிச்சிருக்காங்க. என் பொண்ணை அரும்புல போட்டுட்டாங்க. ஒண்ணாவது படிக்கிற பொடிசுங்களோட உட்காருது. வீட்டுல புஸ்தகத்தை மடமடன்னு படிக்குது. எதிர்வீட்டுப் பிள்ளை மலர்ல இருக்குதுன்னு எங்க அத்தை தினமும் குத்திக் காட்டுறாங்க. மீஞ்சூர்ல இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துடலாம்னு கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் போறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று எழுதியிருந்தாள்.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் முப்பத்தொரு வருஷம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளைக் கட்டி மேய்த்தவள் நான். அடகுக் கடை என்ற வார்த்தையைப் பார்த்ததும் தபாலில் பதில் போட மனசு வரவில்லை. நேரிலேயே போய்விட்டேன்.

காட்டுப்பள்ளியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறுமாக இருக்கிற மணல் திட்டு அது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கி ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் நிலையம் 2010-ல் அங்கே வந்தது. 2013-ல் துறைமுகம் வந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோட்டோரமாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கின்றன. மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு, வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் பாய் விரித்து, மோர் கொடுத்து, மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "படிச்சுக் காட்டு டீச்சருக்கு." குழந்தை படித்தது. அடேயப்பா, மூச்சு விடாமல்! ஒரு பக்கம் முழுக்க அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அம்மா முகத்தில் பெருமை. நான் படத்தைக் கையால் மூடிக்கொண்டு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன கண்ணு?" என்றேன். சத்தமில்லை. உதடு மட்டும் அசைந்தது. உற்றுக் கேட்டேன். பக்கத்தின் முதல் வரியிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்து, விரலால் எண்ணி, அந்தச் சொல்லைப் பிடித்துவிட்டது! கெட்டிக்காரக் குழந்தை. ஆனால் அது வாசிப்பல்ல, மனப்பாடம்.

இதில் குழந்தையின் குற்றம் ஒன்றுமில்லை. டீச்சர் ஒரு வரி சொல்ல, முப்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தும் வகுப்பில், காது நன்றாக இருக்கிற குழந்தை ஒரு வாரத்தில் பாடத்தையே ஒப்பித்துவிடும். எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அதற்கு வராது. இரண்டாம் வகுப்பு வரை இப்படி ஓட்டிவிடலாம். மூன்றில் பாடம் நீளும். ஐந்தில் கணக்குக் கேள்வியையே வாசித்துப் புரிந்துகொண்டால்தான் கணக்குப் போட முடியும். அங்கே வந்துதான் "இது மக்கு" என்று பெயர் வாங்கும். எட்டு வயதுக்குள் வாசிப்பு வரவேண்டும் என்று படித்தவர்கள் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நீங்களும் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். குழந்தை இதுவரை பார்க்காத ஒரு கதைப் புத்தகம், இல்லாவிட்டால் நீங்களே கொட்டை எழுத்தில் எழுதிய ஒரு தாள். முதலில் சில எழுத்துகள், பிறகு இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்கள், பிறகு நாலு வரி, அது முடிந்தால் ஒரு சின்னக் கதை. எந்தப் படியில் நிற்கிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிரதம் என்ற அமைப்பு ஏற்பாடு செய்து 2005 முதல் நம் நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் 'அசர்' கணக்கெடுப்பிலும் ஏறக்குறைய இதே படிகள்தான். ஒரே ஒரு நிபந்தனை. சோதனை செய்கிறேன் என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளாதீர்கள். மாமியார், நாத்தனார் யாரும் பக்கத்தில் வேண்டாம்.

காட்டுப்பள்ளிக் குழந்தைக்கு நான் எழுதிக் காட்டியது அதற்குத் தெரிந்த சொற்களைத்தான். 'படகு' வந்தது. 'வலை'யில் தயங்கியது. 'மடவை' என்று எழுதினேன். ஆயா கூடையில் தினமும் பார்க்கிற மீன்தான். ம, ட என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. 'கெளுத்தி'யில் முதல் எழுத்திலேயே நின்றது. அ, ஆ, இ, ஈ சொல்லச் சொன்னால் தப்பில்லாமல் சொன்னது. க, ங, ச, ஞ-வும் சொன்னது. அப்படியானால் எங்கே சிக்கல்?

கொம்பில்தான் சிக்கல். பாருங்களேன், நம் எழுத்தில் 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் அடையாளம் முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகிற குழந்தையின் கண்ணுக்கு முதலில் கொம்புதான் படும். வாயோ முதலில் 'க்' சொல்ல வேண்டும். 'கொ', 'கோ'வில் இன்னும் மோசம். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247-ஐயும் ஒப்பிக்கத் தெரிந்த குழந்தைகூட இந்த இடத்தில் தடுக்கி விழும். போதாக்குறைக்கு ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று ஓசை. 'கப்பல்' என்பதில் வரும் க வேறு, 'பகல்' என்பதில் வரும் க வேறு, 'தங்கம்' என்பதில் வருவது வேறு. பேசுகிறது 'வாழப்பழம்', எழுதியிருப்பது 'வாழைப்பழம்'. (பாட்டிமார் சொல்லிக் கொடுக்கிற வீடுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் படித்தவர்கள் 'லை', 'னை' என்பவற்றை யானைத் துதிக்கை போட்டு எழுதுவார்கள். பேத்தி திருதிருவென்று முழிக்கும்.)

இப்போது யோசியுங்கள். ஒரு குழந்தைக்குக் கொம்பில் தடங்கல். இன்னொன்றுக்குக் குறில் நெடில். மூன்றாவது எல்லாச் சொல்லையும் வாசிக்கும், ஆனால் என்ன வாசித்தாய் என்று கேட்டால் தெரியாது. ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு எழுத்து சுலபமாகப் பிடிபட்டுவிட்டது, சொல்லின் பொருள்தான் தெரியாது. இவர்கள் எல்லோரையும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சொன்னால் என்ன பிரயோசனம்? கைக்குழந்தைக்கும் பத்து வயசுக்காரனுக்கும் ஒரே தட்டில் குழம்புச் சோறு போடுவோமா?

அதனால்தான் பிரிக்கிறார்கள். 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது காட்டுப்பள்ளி இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். கொரோனாவால் இரண்டு வருஷம் பள்ளி மூடிக் கிடந்ததில் எழுத்தே மறந்துபோன பிள்ளைகளை மனதில் வைத்து வந்தது. 2025-க்குள் எட்டு வயதுக் குழந்தைகள் எல்லோரும் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று குறி வைத்தார்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது என்பதைப் பார்க்காமல், எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர். ஒவ்வொரு படிக்கும் தனிப் பயிற்சிப் புத்தகம்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை நாலு பொடியன்களை வைத்துக்கொண்டு மணலில் எழுதப் பழக்கவில்லையா? எழும்பூரில் 1789-ல் தொடங்கிய ஆண் பிள்ளைகளின் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. நம்மிடமிருந்து போனதுதான் திரும்பி வந்திருக்கிறது.

பிறகு 2003-ல், சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் கண்ட முறை அது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரைச் சுற்றிக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஏணி மாதிரி படிகள், படிக்கு ஒரு அட்டை. சில குழுக்கள் டீச்சரோடு, சில தோழர்களோடு, சில தாமாகவே. 2007-ல் மாநிலம் முழுக்கப் போனது. அப்போதும் அம்மாமார் என்னிடம் வந்து, "என்ன டீச்சர், பிள்ளைங்க அட்டையை வச்சு விளையாடுதுங்க, வீட்டுப்பாடமே இல்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. குறையில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அட்டைகளை அடுக்கி எடுத்துக் கொடுப்பதிலேயே டீச்சரின் பாதி நேரம் போகும். குழந்தையோடு உட்கார்ந்து அதன் வாசிப்பைக் கேட்க நேரம் மிஞ்சாது. கேட்பதுதானே வேலை!

சரி, காட்டுப்பள்ளிக்கு வருவோம். மறுநாள் காலை வகுப்பு டீச்சரிடம் அனுமதி கேட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். மூன்று வகுப்புக்கும் சேர்த்து 23 பிள்ளைகள், ஒரே டீச்சர். ஆச்சரியப்படாதீர்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு டீச்சர்தான் கணக்கு. ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஆகவே கூட்டம் பிரிக்காமல் அங்கே பாடம் நடத்தவே முடியாது.

மலர்ப் பிள்ளைகள் பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தன. மொட்டுகள் இரண்டிரண்டு பேராகச் சொல் அட்டை வைத்து ஆட்டம். அரும்பில் ஐந்து பேர். டீச்சர் அவர்களோடு பாயில் அரைவட்டமாக உட்கார்ந்தார். ஐந்து பேர் கையிலும் ஒரே சின்னப் புத்தகம், எட்டுப் பக்கம். திறக்கும் முன் அட்டைப் படத்தைக் காட்டி, "இது யாரு? எங்க போறான்?" என்று கொஞ்சம் பேச்சு. புதிதாக வரப்போகிற இரண்டு சொல்லை மணல் தட்டில் எழுதிக் காட்டினார். அப்புறம் ஒவ்வொன்றும் தனக்குத்தானே முணுமுணுப்பாக வாசிக்க ஆரம்பித்தன. ஒன்று சொல்ல மற்றவை திருப்பிச் சொல்வது இல்லை. ஒன்று வாசிக்க நாலு கொட்டாவி விடுவதும் இல்லை. டீச்சர் ஒரு குழந்தையின் வாய்ப் பக்கம் காதை வைத்து இரண்டு நிமிஷம் கேட்டார். தடுக்கிய இடத்தை நோட்டில் குறித்தார். உடனே சொல்லிக் கொடுத்துவிடவில்லை. மூன்று எண்ணும் வரை பொறுத்தார். குழந்தை தானே திருத்திக்கொண்டால் தலையை ஆட்டினார். அடுத்த குழந்தை. பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான்.

இதற்கு வழிகாட்டி வாசிப்பு என்று பெயர். பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தடங்கலைக் குறித்துக்கொள்ளும் முறையை வகுத்தவர் நியூசிலாந்துக்காரரான மேரி கிளே என்ற அம்மையார். அமெரிக்காவில் ஃபவுண்டஸ், பின்னெல் என்ற இரண்டு பெண்மணிகள் 1996-ல் இந்தச் சிறு குழு வாசிப்பைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார்கள். உலகமெங்கும் பள்ளிகளில் நாலைந்து பிள்ளைகள், ஒரு டீச்சர், ஆளுக்கொரு புத்தகம் என்று பரவியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளிலும் அது நடக்கிறது. அந்த முறையில் ஒரு பழக்கம் கூடவே வந்துவிட்டது. சொல் தெரியாவிட்டால், "படத்தைப் பாரு, என்னவா இருக்கும்னு யோசி" என்பது. யூகிக்கச் சொல்வது! பிற்பாடு பலத்த எதிர்ப்பு வந்தது. எழுத்தையும் ஓசையையும் முறையாகக் கற்றுக் கொடுக்காமல் யூகிக்கப் பழக்கினால், படம் இல்லாத புத்தகம் வரும்போது பிள்ளை கைவிட்டுவிடுகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் காட்டினார்கள். இங்கிலாந்தில் 2012 முதல் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு எழுத்து ஓசைச் சோதனையே வைத்திருக்கிறார்கள். அதில் அர்த்தமே இல்லாத பொய்ச் சொற்களும் உண்டு, மனப்பாடத்தில் தப்பிக்க முடியாதபடி! என் அனுபவமும் இதுதான். சிறு கூட்டம் நல்லது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மிக நல்லது, ஆனால் தடுக்கிய சொல்லில் குழந்தையின் விரல் எழுத்தின்மேல் இருக்க வேண்டும், கண் படத்துக்குப் போகக்கூடாது. "முதல் எழுத்து என்ன? கொம்பு இருக்கா? ஒத்தையா, ரெட்டையா?" என்று கேளுங்கள். படம் கதையை ரசிக்க.

அந்த அரும்பு ஐந்தில் ஒரு பையன் டீச்சர் இடப் பக்கமிருந்து பேசினால் திரும்புவான், வலப் பக்கமிருந்து பேசினால் திரும்ப மாட்டான். டீச்சர்தான் கண்டுபிடித்தார். முப்பது பேர் கத்தும் வகுப்பில் இது தெரிய வந்திருக்காது. காதில் சீழ். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாசிப்பு வராத குழந்தையை அடிப்பதற்கு முன்னால் காதையும் கண்ணையும் பாருங்கள் சகோதரிகளே. புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொள்கிறதா? ஒரு கண்ணை இடுக்குகிறதா? சளி பிடித்து மூன்று வாரமாகியும் "ஆங்? ஆங்?" என்று கேட்கிறதா? முகம் வெளிறி, எப்போதும் சோர்ந்து படுக்கிறதா? பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தப்ப விடாதீர்கள். வெறும் வயிற்றோடு வரும் குழந்தைக்கு எழுத்து ஆடும். காலைச் சிற்றுண்டி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்ததற்குப் பிறகு காலை முதல் பீரியடில் வித்தியாசம் தெரிகிறது என்று அந்த டீச்சரே சொன்னார்.

இனிச் சங்கிலி விஷயம். அந்தப் பெண்ணிடம் பட்டென்று சொல்லிவிட்டேன். "அடகு வைக்காதேம்மா. இங்கிலீஷ் மீடியம் நல்லதா கெட்டதாங்கறது வேற பேச்சு. ஒரு எழுத்துல வாசிக்கத் தெரியாத குழந்தையை இன்னொரு எழுத்துக்கு மாத்தினா அதையும் மனப்பாடம் பண்ணும். அப்புறம் ரெண்டும் போச்சு. ஒரு மொழியில வாசிப்புன்னா என்னன்னு பிடிபட்டுட்டா அடுத்தது சுலபம்."

"மூணாவது படிக்கிற பொண்ணு ஒண்ணாவது பிள்ளைங்களோட உட்காரணுமே டீச்சர், அதுக்கு வெக்கமா இருக்காதா?"

"அதுக்கு வெக்கமா, உனக்கா?"

சிரித்துவிட்டாள். கேள்வி என்னமோ நியாயமானதுதான். கூட்டம் நிரந்தரமாகிவிட்டால் அதுவே சாதி மாதிரி ஆகிவிடும். ஜூனில் அரும்பு, ஏப்ரலிலும் அதே அரும்பு என்றால் அந்தப் பிரிவினையால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்து மாற்ற வேண்டும். கணக்கில் மலர், வாசிப்பில் அரும்பு என்றும் ஒரு குழந்தை இருக்கலாம். வீட்டில் "அரும்பு, அரும்பு" என்று கேலி பேசுவதை முதலில் நிறுத்தச் சொன்னேன். மாமியாரிடமும் நானே பேசினேன். "ஆயா, நீங்க மீன் பேரைச் சொல்லுங்க, பேத்தி எழுதட்டும்" என்றேன். அந்தம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மீன் பெயர் முப்பதுக்கு மேல் தெரியும்!

இதுவும் என் யோசனையல்ல. நியூசிலாந்திலேயே சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடப் புத்தகச் சொற்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு குழந்தையும் தானே கேட்கிற சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்துத்தான் வாசிக்கப் பழக்கினார். 1963-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். குழந்தைக்கு வேண்டிய சொல், பயமுள்ள சொல், ஆசையுள்ள சொல், ஒரு தடவை பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பார். காட்டுப்பள்ளிக் குழந்தை முதல் நாள் கேட்ட சொற்கள் ஆயா, கெளுத்தி, லாரி, புயல், அப்பா. பழைய காலண்டர் அட்டையை நறுக்கி அம்மா எழுதிக் கொடுத்தாள். கொம்பு வரும் சொல்லுக்கு மட்டும் கொம்பைச் சிவப்பு மையில். வாரக் கடைசியில் கரைக்குப் போய்ப் படகுகளின் பெயரை வாசிப்பது. அதில் ஒரு பைசா செலவில்லை.

நான் சொன்ன இன்னொரு காரியத்தைத்தான் அவள் தயங்கித் தயங்கி ஏற்றுக்கொண்டாள். சாயங்காலம் மகளோடு தெருவில் இன்னும் மூன்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்காருவது. "நான் பத்தாவது ஃபெயிலு டீச்சர். எனக்கு என்னா தெரியும்?" மும்பையிலும் வடோதராவிலும் 'பால்சகி' என்று ஒரு ஏற்பாடு நடந்தது. குழந்தையின் தோழி என்று அர்த்தம். ஆசிரியப் பயிற்சி இல்லாத உள்ளூர்ப் பெண்கள்தான். மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய இருபது பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்துக்கொண்டு அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார்கள். 2001 முதல் 2003 வரை அதை அளந்து பார்த்தவர்களில் இருந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பிற்பாடு 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் படிப்பு முன்னேறியிருந்தது. நம் ஊரில் 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் இதே ஜாதிதான். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்த ஆய்வில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் திரும்பிவிட்டது என்றும், திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்குக்கு இந்தச் சாயங்கால வகுப்புதான் காரணம் என்றும் தெரிந்தது.

எப்படி உட்கார வேண்டும் என்று மணலியிலிருந்து கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நாலு பிள்ளைக்கு மேல் வேண்டாம். டி.வி. ஓடக்கூடாது. ஆளுக்கொரு புத்தகமோ ஒரே பக்கத்தின் நகலோ வேண்டும். ஒரு பக்கத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் அந்தக் குழந்தைக்குக் கனம், வேறு எடுங்கள். எல்லாம் கடகடவென்று வந்தாலும் மாற்றுங்கள். எல்லோரும் முணுமுணுப்பாக வாசிக்கட்டும், நீங்கள் ஒவ்வொன்றாகக் காது கொடுங்கள். கடைசியில் இரண்டு நிமிஷம் கதையைப் பற்றிப் பேச்சு. "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்? நீயா இருந்தா?" என்று. வாசித்தது புரிந்ததா என்பது பதிலில் தெரிந்துவிடும். புத்தகத்துக்கு எங்கே போவது என்பீர்கள். பள்ளி நூலகத்தில் கேளுங்கள். வாசிப்பு இயக்கம் என்று 2023-ல் பள்ளிக் கல்வித் துறை 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. பெயரே சொல்லிவிடுகிறது எதிலிருந்து ஆரம்பிப்பது என்று. போன் இருந்தால் ஸ்டோரிவீவர் என்ற இடத்தில் தமிழ்க் கதைகள் படி வாரியாக இலவசமாக இருக்கின்றன. ஆனால் போனில் வாசிப்பதைவிடத் தாளில் எழுதிக் கொடுப்பதே எனக்குப் பிடிக்கும், நான் பழைய காலத்து ஆள்.

அந்தக் குழந்தை ஆவணி, புரட்டாசியில் கொம்பைத் தாண்டியது. அக்டோபரில் மொட்டு. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஒரு வாரம் பள்ளி இல்லை, வீட்டில் தண்ணீர் ஏறி அட்டைகள் எல்லாம் ஊறிப் போயின. பொங்கலுக்கு நான் போனபோது புது அட்டைகள் அதன் கையெழுத்திலேயே இருந்தன. 'புயல்' என்பதைப் 'புயள்' என்று எழுதியிருந்தது. ல, ள, ழ தகராறு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. காது சீழ் பையன் அப்போதும் அரும்பில்தான் இருந்தான். ஆனால் டீச்சர் அவனைத் தன் இடப் பக்கத்தில் உட்கார வைக்க ஆரம்பித்திருந்தார். தெருக் கூட்டத்தில் நாலாவதாக வந்து சேர்ந்திருந்த ஒடிசாப் பையன் 'கெளுத்தி'க்கு அவன் பாஷையில் என்ன என்று மற்ற மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சங்கிலி அவள் கழுத்தில் இருந்தது.

திருவாரூர்ச் சகோதரிக்கு: உங்கள் மகன் எந்தப் படியில் இருக்கிறான், கடைசியாக எப்போது கேட்டுப் பார்த்தார்கள் என்று டீச்சரிடம் தனியாகக் கேளுங்கள், கோபமாக வேண்டாம். பதில் கிடைக்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். போய் உட்காருவதில்தான் நாம் கஞ்சத்தனம் பண்ணுகிறோம்.

தர்மபுரிச் சகோதரி, விரல் வைத்து வாசிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குத் தாராளமாக வைக்கட்டும். வாசிப்பு சரளமாக வந்ததும் விரலைத் தானே எடுத்துவிடும். நீங்கள் எடுத்துவிட வேண்டாம்.